பெருங்களத்தூரா, சேலையூரா?

என் மகளும் மாப்பிள்ளையும் மூன்று மாதமாக வீடு தேடுகிறார்கள். தேடுகிறார்கள் என்றால் வெயிலில் அலைகிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். சோபாவில் சாய்ந்துகொண்டு ஆளுக்கொரு போனில் தெருத்தெருவாகப் போய் வருகிறார்கள். பெருங்களத்தூரில் ஏழாவது மாடியா, சேலையூரில் இரண்டாவது மாடியா என்பதில் வந்து நிற்கிறது பேச்சு. போன வாரம் அந்த இரண்டு ஊர்ப் பெயரையும் ஒரே மூச்சில் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்னம்மா?" என்றாள் மகள். "ஒண்ணுமில்ல, நீங்க பாருங்க" என்றேன். சொல்ல ஆரம்பித்தால் நீளும். அவர்களுக்குப் பத்து நிமிடத்தில் ஏதோ மீட்டிங். உங்களிடம் சொல்லலாம். ஐம்பதைத் தாண்டிய நமக்கு மீட்டிங் குறைவு, முழங்கால் வலி அதிகம். உட்கார்ந்த இடத்தில் கதை கேட்க நேரமுண்டு.

எனக்கு அப்போது ஒன்பது வயது. வண்டலூருக்கு மிருகக்காட்சிசாலை வந்த புதிது. மேற்குத் தாம்பரத்தில் ஒரு வீட்டின் பின்போர்ஷனில் வாடகைக்கு இருந்தோம். பங்குனி மாதக் கடைசியில் ஒரு காலையில் வீட்டுக்காரர் வந்து, மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது, போர்ஷன் வேண்டும் என்று தலையைச் சொறிந்தார். அப்பாவுக்கு அது அவமானமாகப் பட்டதோ என்னவோ, "இனிமே வாடகை வீடே வேணாம். சொந்த வீட்டுக்குத்தான் போறோம்" என்று அன்று மாலையே அறிவித்துவிட்டார். ஆனி, ஆடியில் புதுவீட்டில் பால் காய்ச்ச மாட்டார்கள். ஆகவே வைகாசி முடிவதற்குள் வீடு பார்த்து, பேசி, பத்திரம் முடித்தாக வேண்டும். கையில் இருந்தது இரண்டே மாதம். அந்த இரண்டு மாதமும் எங்களுக்குக் கோடை விடுமுறை.

புரோக்கர் ஒருவர் வந்தார். காதில் பென்சில், சைக்கிள் ஹேண்டில்பாரில் மஞ்சள் பை. அவர் பல வீடுகளைக் காட்டி, கடைசியில் இரண்டு மட்டும் மிஞ்சின. ஒன்று பெருங்களத்தூரில், ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கம். கொல்லையில் கிணறு, இரண்டு கொய்யா மரம், தூரத்தில் மலை. மற்றது சேலையூரில், கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி. கையகலத் தோட்டம், ஆனால் கடையும் பள்ளிக்கூடமும் கூப்பிடு தூரத்தில். இரண்டு வீட்டுக்கும் அவரேதான் புரோக்கர். அப்பாவிடம், "சார், இங்க காலைல காபி குச்சிட்டு செருப்பு மாட்டுனா ஸ்டேஷன் வந்துடும் சார்" என்பார். அம்மாவிடம், "சேலையூர்ல இன்னாம்மா இல்ல? பிரசவத்துக்கு டாக்டரு, படிக்க இஸ்கூலு, எல்லாம் கைக்கு எட்ற தூரத்துல கீது" என்பார். இரண்டையும் ஒரே நாளில், ஒரே சத்தியத்தோடு சொல்வார்.

அப்பாவுக்குப் பெருங்களத்தூர். அம்மாவுக்குச் சேலையூர். எனக்கும் பெருங்களத்தூர்தான். வண்டலூர் பக்கம் என்பதால் காலையில் அங்கே மிருகக்காட்சிசாலைச் சிங்கம் கர்ஜிப்பது கேட்கும் என்று பள்ளியில் ஒருத்தி சொல்லியிருந்தாள். புரோக்கரிடம் கேட்டேன். வீடு வாங்குகிறவர்கள் பயந்துவிடுவார்கள் என்று நினைத்தாரோ என்னவோ, "சிங்கமா? இல்ல பாப்பா, அதெல்லாம் சும்மா" என்று அவசரமாகச் சொன்னார். என் முகம் வாடியதைப் பார்த்துவிட்டு, "எப்பனா கத்தும்" என்று சேர்த்துக்கொண்டார்.

என் அக்காவுக்கு எந்த ஊர் என்று யாரும் கேட்கவில்லை.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுக்குப் பதின்மூன்று வயது. இரண்டு வயதில் வந்த போலியோவால் இடது கால் சூம்பியிருந்தது. தொடையிலிருந்து பூட்ஸ் வரை இரண்டு பக்கமும் கம்பி, நடுவில் தோல் வார்கள். இப்போது யார் காலிலும் அதைப் பார்க்க முடிவதில்லை, நல்லதுதான். எங்கள் வீட்டில் அதற்கு 'இரும்பு' என்று பெயர். "இரும்பைப் போட்டுக்கோ", "இரும்பைக் கழட்டி வெச்சிட்டுச் சாப்பிடு" என்பாள் அம்மா. தோலில் வேர்வையும் தேங்காயெண்ணெயும் ஊறி ஒரு வாசனை வரும். அக்கா நடந்தால் டக், டக் என்று கேட்கும். நான் கண்ணை மூடிக்கொண்டே அவள் எந்த அறையில் இருக்கிறாள் என்று சொல்லிவிடுவேன்.

வீட்டுப் பேச்சு முழுக்க அந்தக் காலைச் சுற்றித்தான் நடந்தது. "நாளைக்கு அவ காலேஜ் போகணும். ஸ்டேஷன் பக்கத்துல இருந்தா ரயில்லயே போய் வந்துடுவா" என்பார் அப்பா. "ரயில் ஏறுறதே அவளுக்குக் கஷ்டம். சேலையூர்னா ஸ்கூலுக்கு நடந்தே போய்டலாம்" என்பாள் அம்மா. அக்கா பக்கத்திலேயே உட்கார்ந்து அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருப்பாள்.

பேச்சில் முடியாததால் சோதித்துப் பார்ப்பது என்று முடிவானது. முதல் சோதனை அம்மாவுடையது, தண்ணீர். இரண்டு வீட்டுக் கிணற்றிலிருந்தும் ஒவ்வொரு டின் தண்ணீர் கொண்டுவந்தாள். இரண்டு மண்ணெண்ணெய் ஸ்டவ், இரண்டு பாத்திரம், ஒரே அளவு துவரம்பருப்பு. நாங்கள் நால்வரும் சுற்றி உட்கார்ந்து பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பதுபோல் காத்திருந்தோம். பெருங்களத்தூர்ப் பருப்பு வெண்ணெயாகக் குழைந்தது. சேலையூர்ப் பருப்பு கூழாங்கல் மாதிரி தனித்தனியாக மிதந்தது. அப்பா ஒரு பருப்பை எடுத்து விரலால் நசுக்க முயன்று, அது வழுக்கிப் பறந்ததும், "பார்த்தியா?" என்றார்.

"அந்த ஸ்டவ்வுல திரி சரியில்ல" என்றாள் அம்மா.

"திரியை மாத்திப் பார்ப்போம்."

"ஒண்ணும் வேணாம். தட்டை எடுங்க."

அடுத்தது அப்பாவின் சோதனை. பெருங்களத்தூர் வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு எத்தனை நிமிடம் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நடப்பது. அவர் நடந்தால் ஐந்து நிமிடம். அதை அவர் ஏற்கெனவே தனியாகப் போய்ப் பார்த்து வைத்திருந்தார். அன்று அக்காவோடு நடந்தோம். சரளைக்கல் பாதை. இரும்பு அடிக்கடி சறுக்கியது. அப்பா கடிகாரத்தைப் பார்ப்பதை நடுவழியிலேயே நிறுத்திவிட்டார். ஸ்டேஷனில் நடைமேம்பாலத்துப் படிகள் வேறு. அக்கா கைப்பிடியைப் பற்றி ஒவ்வொரு படியாக ஏறி மேலே போய் நின்றபோது, கீழே நாங்கள் பிடிக்க இருந்த வண்டி கிளம்பிப் போனது. "பரவால்லப்பா, அடுத்த வண்டில போலாம்" என்று அவள்தான் அவரைத் தேற்றினாள். அடுத்த வண்டிக்கு முக்கால் மணி நேரம் இருந்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அவள் சொல்லாததுதான் அப்பாவுக்குத் தாங்கவில்லை.

அடுத்த ஞாயிறு சேலையூர். கேம்ப் ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றோம். பஸ் வந்தது, ஸ்டாப்பைத் தாண்டி ஒரு புளியமரத்தடியில் போய் நின்றது. எல்லோரும் ஓடினார்கள். நாங்களும் ஓடினோம். திரும்பிப் பார்த்தால் அக்கா ஸ்டாப்பிலேயே, கையில் தண்ணீர்க் கூஜாவோடு நின்றுகொண்டிருந்தாள். பஸ் போய்விட்டது. இந்த முறை அப்பா ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அந்தக் கோடை முழுவதும் அவளை அளவு நாடாபோல் இரண்டு ஊருக்கும் எடுத்துக்கொண்டு போய் நீட்டி நீட்டிப் பார்த்தோம். அன்பில்தான் செய்தோம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அம்மாவும் அப்பாவும் அவளுக்காக உயிரை விடுவார்கள். ஆனால் அவளிடம் ஒரு வார்த்தை கேட்க அவர்களுக்குத் தோன்றவில்லை.

சேலையூருக்கு அடிக்கடி போக வேண்டியிருந்தது. வீட்டின் சொந்தக்காரர் விவசாயக் குடும்பம். விலை பேசுவதற்கு முன் இளநீர், மோர், குடும்ப விவரம் எல்லாம் முடிய வேண்டும். பெரியவர்கள் உள்ளே உட்கார்ந்தால் வர இரண்டு மணி நேரமாகும். நானும் அக்காவும் வெளியே வந்துவிடுவோம். அந்தத் தெரு முனையில் ஒரு வாடகை சைக்கிள் கடை இருந்தது. கால் வண்டி, அரை வண்டி, முக்கால் வண்டி என்று உயரவாரியாக நிற்கும். பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன் வாசனை எனக்கு இன்றும் பிடிக்கும்.

முதல் நாள் அக்கா அங்கே போய் நின்று, கடைக்காரரிடம் நேராகவே கேட்டாள்.

"அண்ணா, ஒரு கால்ல சைக்கிள் ஓட்ட முடியுமா?"

அவர் ட்யூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து அவள் காலைப் பார்த்தார். வழக்கமாக அப்படிப் பார்ப்பவர்கள் அடுத்து "ஐயோ பாவம்" என்பார்கள்.

"இன்னா பாப்பா, இத்த மாட்டிகினே ஓட்டுவியா, கழட்டிட்டா?"

"கழட்டிட்டு."

"நல்ல காலு எது?"

"வலது."

அவர் யோசித்தார். ஒரு முக்கால் வண்டியை இழுத்து, பெடலைக் கையால் சுற்றிப் பார்த்தார். "மிதிக்கிறது சுளுவு. பெடலு மேல வரும்போது யாரு தூக்குறது? அதான் பேஜாரு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு பழைய ட்யூபில் ஒரு துண்டு வெட்டி, வலது பெடலில் செருப்பு வார்போல் கட்டினார். "கால உள்ள வுடு. இப்ப மிதிக்கவும் செய்யலாம், மேல இஸ்கவும் செய்யலாம். வுயுந்தா நான் பொறுப்பில்ல."

அக்கா ஒரு கல்லில் உட்கார்ந்து இரும்பைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். அதன் கனம் அன்றுதான் எனக்குத் தெரிந்தது. நான் அதைக் குழந்தையைப்போல் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டேன். கடைக்காரர் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடினார்.

அன்று விழுந்தாள். அடுத்த முறையும் விழுந்தாள். விழும்போதெல்லாம் வலது கால் பெடலில் மாட்டியிருக்கும். வண்டியோடு சேர்ந்துதான் சாய வேண்டும். முழங்கைச் சிராய்ப்புக்கு அம்மாவிடம் "படில வழுக்கிட்டேன்" என்றாள். அதைக் கேட்ட அம்மா, "பாருங்க, படி இல்லாத வீடுதான் பார்க்கணும்" என்று அப்பாவிடம் சொன்னாள்! மூன்றாவது முறை கடைக்காரர் கையை எடுத்ததே அவளுக்குத் தெரியவில்லை. தெரு முனைவரை போனாள். ஓட்டத் தெரிந்துவிட்டது, நிறுத்தத்தான் தெரியவில்லை. பிரேக் பிடித்தாலும் ஊன்றுவதற்குக் கால் வேண்டுமே. அதற்கும் வழி கண்டுபிடித்தோம். தெருவில் யாரோ வீடு கட்டக் கொட்டிவைத்திருந்த மணல்மேட்டில் போய் ஏற்றிவிடுவாள். சக்கரம் புதைந்து வண்டி தானே நின்றுவிடும்.

வைகாசி பிறந்துவிட்டது. ஒரு ஞாயிறு, அன்றே இரண்டில் ஒன்று சொல்லிவிட வேண்டும் என்ற நிலை. அம்மா, அப்பா, புரோக்கர் மூவரும் சேலையூர் வீட்டுக்குள் போனவர்கள், அன்று பார்த்து அரைமணி நேரத்தில் வெளியே வந்துவிட்டார்கள். உள்ளே இருவருக்கும் வாக்குவாதம் முற்றியிருக்க வேண்டும். வாசலில் அவர்கள் பார்த்தது, தெரு நடுவில் இரும்பை அணைத்துக்கொண்டு தனியாக நிற்கும் என்னை.

அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. "அக்கா எங்கடி? இது ஏன் உன் கையில இருக்கு? ஏய், எங்கடி அவ?"

கையை நீட்டிக் காட்டினேன். தெருமுனையில் திரும்பி அக்கா வந்துகொண்டிருந்தாள். இரட்டைப் பின்னல் பறக்கிறது, இடது கால் தொங்கிக்கொண்டு ஆடுகிறது, வலது கால் இயந்திரம்போல் மிதிக்கிறது. அவர்களைப் பார்த்துவிட்டாள். ஆனால் நிறுத்த முடியாதே! "அம்மா, தள்ளும்மா!" என்று கத்திக்கொண்டே எங்களைக் கடந்து போனாள். புரோக்கர் துள்ளி ஒதுங்கினார். வண்டி நேராகப் போய் மணல்மேட்டில் ஏறி நின்றது. அவள் மெதுவாகச் சாய்ந்து மணலில் படுத்து, வானத்தைப் பார்த்து மூச்சு வாங்கினாள். சிரித்துக்கொண்டிருந்தாள்.

அம்மா ஓடிப்போய் அவளைத் தூக்கி, முதுகில் ஓர் அடி வைத்து, உடனே அந்த இடத்தைத் தடவிக்கொடுத்து, "உனக்கு ஏதாவது ஆகியிருந்தா?" என்று அழுதாள். அப்பா மணலில் கிடந்த சைக்கிளையும் பெடலில் கட்டியிருந்த ட்யூப் துண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எத்தனை நாளா இது?"

"ஒரு மாசமாப்பா."

"எங்ககிட்ட சொன்னா என்ன?"

அக்கா மணலைத் தட்டிவிட்டுக்கொண்டாள். அவள் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "சொன்னா வேணாம்பீங்க. அப்பா, எந்த வீட்டை வேணா வாங்குங்க. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். ஒரு சைக்கிள் மட்டும் வாங்கிக் குடுங்க. நான் எங்கிருந்தும் எங்கயும் போய்க்குவேன். ஆனா இனிமே என் காலைச் சொல்லிச் சண்டை போடாதீங்க."

கடைக்காரர் தூரத்தில் சைக்கிளுக்குக் காத்தடிப்பதுபோல் பாவனை செய்துகொண்டிருந்தார்.

"பாப்பா சொல்றது கரீட்டு சார்" என்றார் புரோக்கர். அப்பா பார்த்த பார்வையில் அவர் பென்சிலைக் காதிலிருந்து எடுத்து மறுகாதில் சொருகிக்கொண்டார்.

பஸ் ஸ்டாப்புக்கு எதிரே நுங்கு வண்டி நின்றது. அப்பா எல்லோருக்கும் நுங்கு வாங்கினார். அந்த நிழலில்தான் விஷயம் வெளியே வந்தது. அக்காவின் கால் என்ற காரணம் கையை விட்டுப் போனதும், இருவருக்கும் சொல்ல வேறொன்றும் இருக்கவில்லை, உண்மையைத் தவிர.

"எனக்கு இங்க ஒரு வேலை கிடைச்சிருக்கு" என்றாள் அம்மா, நுங்கைப் பார்த்துக்கொண்டே. "பக்கத்துத் தெரு நர்சரி ஸ்கூல்ல. டீச்சர் ட்ரெயினிங் முடிச்சவங்க வேணும்னாங்க. நான்தான் போய்க் கேட்டேன்."

அம்மா கல்யாணத்துக்கு முன் ஆசிரியப் பயிற்சி முடித்தவள் என்பது எனக்கே அன்றுதான் தெரியும். அப்பா விழித்தார். "இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?"

"பொண்ணைப் பார்த்துக்க ஆள் வேணும், வேலையெல்லாம் எதுக்குன்னு பதிமூணு வருஷமா நீங்கதானே சொல்றீங்க."

அப்பா நுங்கைக் கீழே வைத்தார். பிறகு, "நான் வேற நினைச்சேன். உங்க அண்ணன் ரெண்டு தெரு தள்ளி இருக்கார், அதான் இங்கயே வரணும்னு நிக்கறேன்னு நினைச்சேன்" என்றார். குரலைத் தாழ்த்தி, "பெருங்களத்தூர்னா அவர் தினம் வர முடியாது பாரு" என்றார்.

அம்மா ஒரு கணம் அவரை உற்றுப் பார்த்தாள். பிறகு சிரித்தாள் பாருங்கள், நுங்கு நீர் மூக்கில் ஏறிவிட்டது. "எங்க அண்ணனுக்கா பயந்தீங்க? அவர் பக்கத்துல இருக்காரேன்னு நான்தாங்க ஒரு வாரம் யோசிச்சேன்!"

சேலையூர் வீட்டையே வாங்கினோம். சிங்கத்துக்காக நான் ஒரு நாள் அழுதேன். மாமா அப்பா பயந்தபடியே தினமும் காலை பேப்பர் படிக்க வந்தார். ஒரு வருஷத்தில் அவரும் அப்பாவும் கேரம் போர்டை விட்டு எழாத சிநேகிதர்களானார்கள். பருப்பு மட்டும் கடைசிவரை சரியாக வேகவில்லை. அப்பா செகண்ட் ஹேண்டாக ஒரு லேடீஸ் சைக்கிள் வாங்கினார். கடைக்காரர் அதில் வார் கட்டி, நிற்கும்போது ஊன்ற ஒரு கம்பியும் பொருத்திக் கொடுத்தார். அந்த சைக்கிளில்தான் அக்கா பள்ளிக்கும், பிறகு கல்லூரிக்கும் போனாள்.

ஜூன் மாதம், பள்ளி திறந்த நாள் இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. அம்மாவுக்கும் அன்றுதான் வேலையில் முதல் நாள். நீலப் பூப்போட்ட சேலை, தோளில் புதுப் பை. என் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பினாள். அக்கா அதற்கு முன்பே சைக்கிளில் போய்விட்டாள். கடைசியாக வீட்டிலிருந்து கிளம்பியவர் அப்பா. அதுவரை அவர் ஒரு நாளும் வீட்டைப் பூட்டியதில்லை. அவர் ஆபீஸ் கிளம்பும்போது அம்மா உள்ளே இருப்பாள், எல்லோருமாக வெளியே போனால் பூட்டுவதும் அவள்தான். நாங்கள் தெருமுனை திரும்பும்போது பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது.

"ஏம்மா! சாவியை யார்கிட்ட குடுக்கறது?"

"பாக்கெட்ல போட்டுக்குங்க!" என்று கத்திவிட்டு அம்மா வேகமாக நடந்தாள். முதல் மணி அடித்துவிடுமே என்ற பயம் அவளுக்கு.

அவர் சொன்னபடி செய்தார். சாயங்காலம் அக்கா முதலில் வந்தாள், பிறகு நானும் அம்மாவும். வீடு பூட்டிக் கிடந்தது. சாவி அப்பாவின் சட்டைப் பையில், அப்பா பாரிமுனை ஆபீஸில். மூவரும் வாசற்படியில் உட்கார்ந்து, எதிர்வீட்டுப் பாட்டி கொடுத்த முறுக்கைக் கடித்துக்கொண்டு, ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தோம். ஏழு மணிக்கு அப்பா வந்தார். எங்களைப் பார்த்ததும் தூரத்திலேயே சட்டைப் பையைத் தடவிக்கொண்டு ஓட ஆரம்பித்தார்.

மறுநாள் தாம்பரம் மார்க்கெட்டில் கொடுத்து மூன்று சாவி செய்து வந்தார். அம்மாவுக்கு ஒன்று, அக்காவுக்கு ஒன்று. மூன்றாவதை என் கையில் வைத்தார். "எனக்கு எதுக்குப்பா?" என்றேன். "நாளைக்கு நீயும் எங்க போவேன்னு யாருக்குத் தெரியும்?" என்றார்.